உப்பு கரையும் நேரம்

தப்பாகத்தான் சொல்லப் போகிறோம் என்று எமரன்சியாவுக்குத் தெரிந்துபோயிற்று. சொல்ல வேண்டியது என்னவோ ஒரே விஷயம்தான், ஆனால் எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் வேறெங்கோ சிக்கு விழுந்தது. அதைச் செஞ்சது நான். இப்படி ஆரம்பித்தால், எதை என்று கேட்பார்கள். எல்லாத்தையும்தான் என்றால் அகம் பிடித்தவள் மாதிரி இருக்கும். அலமாரியில் முழங்காலில் நிற்கிற அந்த ரோபோ பொம்மையை மட்டும் என்றால் மிச்சம் நாற்பது பொம்மையையும் தன் கையாலேயே அவருக்குத் தாரை வார்த்த மாதிரி ஆகும். அவர் பொய் சொல்லுதாரு என்று ஆரம்பிக்கலாம். அது உண்மை, ஆனால் புருஷனை ஊர்க்காரர்கள் முன்னால் பொய்யன் என்று சொல்லிவிட்டு அப்புறம் மீன் குழம்பு பரிமாற முடியுமா? அடுப்பில் சீலா மீன் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு ரோபோவின் தோள்தகடு தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த கல்லுப்பு கரையக் கால் மணி நேரம் ஆகும். கரைந்த பிறகு விரலால் மெல்லத் தேய்த்தால், உப்பு இருந்த இடங்களில் மேல் பூச்சு உதிர்ந்து அடியிலிருக்கும் துரு நிறம் தெரியும். துறைமுகத்தில் பத்து வருஷம் கிடந்த இரும்பு மாதிரி தெரியும். அந்தக் கால் மணி நேரத்தில் அவளுக்குச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை, கூடத்தில் பேசுவதைக் கேட்பதைத் தவிர. கூடத்தில் மூன்று பேர். ஒருவர் அவள் புருஷன் தனிஸ்லாஸ். மற்ற இரண்டு பேரும் சென்னையிலிருந்து வந்தவர்கள், அப்சல் என்று ஒரு ஆள், மிருதுளா என்று ஒரு பெண். ஜப்பான் ரோபோ பொம்மை சேர்க்கிறவர்களெல்லாம் கூடி அடுத்த மாதம் கண்காட்சி வைக்கிறார்களாம். அதற்கு இங்கிருந்து ஒன்றை எடுத்துப் போக வந்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, கீழே செய்தவர் பேர் போட்ட அட்டை. அந்த அட்டைதான். அதில் ஒரு பேர் அச்சடித்துவிட்டால் பிறகு அவள் எந்த முனையைப் பிடித்துச் சொன்னாலும் யார் காதில் ஏறும்?

அட்டையில ரெண்டு பேரு பேரும் போடச் சொல்லுதேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சொன்னவர் அவர்தான். அவள் கேட்கக்கூட இல்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள், காற்றில் பாதிதான் கேட்டது, மறுபடி சொல்லுங்க என்று கேட்க வெட்கமாக இருந்தது. தனிஸ்லாஸ், எமரன்சியா. யார் பேர் முதலில் வரும் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். அவர் பேரே முதலில் இருக்கட்டும் என்று புதன்கிழமை முடிவு செய்தாள். புதன்கிழமை முடிவு செய்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசியது. ஒருவேளை இன்னும் சொல்லவில்லையோ, சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருக்கிறாரோ, ஆம்பளைகளுக்கு எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். இல்லை, அந்தப் பெண் கொஞ்சம் முன்னால் தெளிவாகக் கேட்டது. "பேர் எப்படி சார் போடணும்? இனிஷியல் வேணுமா?" அவர் சொன்னார், "வெறும் தனிஸ்லாஸ் போதும் மேடம். எல்லாருக்கும் அப்படித்தான தெரியும்." வெறும். அந்தச் சொல்லில்தான் அவள் நினைப்பு திரும்பத் திரும்பப் போய்த் தட்டியது. கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டினாள், மீன் உடைந்துவிடும் என்று ஞாபகம் வந்து நிறுத்தினாள். வெறும் தனிஸ்லாஸ்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்று ஒரு குரல் உள்ளே கிடந்து முனகியது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஏனென்றால் ஆரம்பத்தில் கேட்டது அவள்தானே. கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் அவருக்கு வேலை. ஒரு கப்பலின் சமையற்காரன் போகிற போக்கில் கையில் திணித்த பெட்டியைக் கொண்டுவந்து பரணில் எறிந்திருந்தார். சிக்குன்குனியாவில் மூட்டு மூட்டாக வலித்துப் படுத்திருந்த மாதத்தில் அவள்தான் அதை எடுத்துப் பிரித்தாள். சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், அதில் காய் காய்த்த மாதிரி துண்டுகள். கூட ஒரு புத்தகம், முழுக்க ஜப்பான் எழுத்து. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவளுக்கு எழுத்து நிறைந்த காகிதம் என்றாலே கண் இருட்டும், ஆனால் அந்தப் புத்தகத்தில் எழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. படம் சொல்லிற்று. இந்தத் துண்டை இந்தப் பக்கமாக இதில் மாட்டு என்று படம் சொல்ல, நகவெட்டியால் வெட்டி வெட்டி மாட்டினாள். விரல் வீங்கியிருந்தது, ஒவ்வொன்றும் டக்கென்று உட்காரும்போது அந்த வலிக்குள்ளேயே ஏதோ ஒன்று சரியானது. நாலு நாளில் ஒரு சாண் உயரத்துக்கு ஒருவன் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு சிப்பி பொம்மைக் கடையில் பதினோரு வருஷம் குகைக்குள் நிற்கிற கெபி மாதா பொம்மைக்குச் சிப்பி ஒட்டிய கை அது, சும்மா இருக்குமா? பளபளப்பு பிடிக்காமல் அவனுக்குச் சாம்பல் நிறம் அடித்தாள், நகப்பாலிஷில் கோடு இழுத்தாள். அன்றைக்குப் பார்த்து நாத்தனார் செலீன் வந்தாள். பார்த்தாள். காப்பி குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் ஞானஸ்நான விருந்தில், பந்தியில், பாயசம் வரும்போது சொன்னாள். "எங்க மைனி வீட்டுல பிள்ளைக்குப் பதிலா பொம்மை வளருது. தாலாட்டுப் பாடுதாளா என்னனு தெரியல." பக்கத்து இலைக்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னமும் ஓயவில்லை, எங்கேயோ ஒரு குழாய் சரியாக மூடாத மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்து பரணில் போட்டுடுங்க என்று அழுதாள். அவர் போடவில்லை. கண்ணாடி அலமாரியில் எடுத்து வைத்தார். "நான் செஞ்சதுனு சொல்லிக்கிடுதேன். என்னைய எவன் கேப்பான்? ஆம்பளை வச்சா அது பேரு ஹாபி. உன் நல்லதுக்குத்தான்." அன்றைக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் தப்பாகச் சொன்னதாகாதா? அதைச் சொன்னால் பிறகு இதைச் சொல்ல என்ன பாக்கி இருக்கும்? நீதான கேட்ட என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

ஆனால் ஒருநாளில் நடக்கவில்லை, அதைத்தான் சொல்லத் தெரியவில்லை. முதலில் நம்ம ரோபோ என்றுதான் சொன்னார். நம்ம ரோபோவுக்கு இருநூறு லைக் வந்திருக்கு பாரு என்று செல்போனைக் கொண்டுவந்து அடுக்களையில் காட்டுவார். நம்ம. அதில் அவளும் இருந்தாள், அடுப்பும் இருந்தது. இரண்டாம் வருஷம் ஆபீஸ் ஆட்கள் வந்தபோது எங்க ரோபோ என்றார். வெளியாள்களிடம் அப்படித்தானே பேச முடியும் என்று நினைத்துக்கொண்டாள், எங்க என்றாலும் வீட்டுக்குள்தானே இருக்கிறோம். எப்போது என் ஆனது? பாத்திரம் கழுவும்போதா, மாத்திரை போட்டுத் தூங்கிய மதியத்திலா? கூடத்தில் விளக்கு வைத்த மேசை ஒன்று வந்தது, அதில் அவர் உட்கார்ந்து தூரிகையைப் பிடித்தபடி எடுத்த படம் வந்தது. மேசையில் ஒரு பொட்டுப் பெயிண்ட் சிந்தியதில்லை. சிந்தியதெல்லாம் இங்கே, தொட்டி ஓரத்தில், மசாலா டப்பாக்களுக்கு நடுவில், இந்தச் சன்னலோரத் திட்டில். இன்று காலையிலிருந்து அவள் ஒன்றே ஒன்றுக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். நாங்க என்று ஒரு தடவை அவர் வாயில் வரட்டும். ஒரே ஒரு தடவை. வந்தால் அட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், குழம்பில் இருக்கிற நடுத்துண்டு இரண்டையும் அவர் தட்டில் வைத்துவிடலாம்.

"சார், இந்த ஆள்தான் சார்," என்றான் அப்சல். முழங்காலில் நிற்கிறவனை எடுத்திருக்க வேண்டும். "இடுப்பு வரைக்கும் இது என்ன சார், சிப்பி மாதிரி?" "கொட்டலசு தம்பி. படகுக்கு அடியில ஒட்டுமுல்லா, அது. கடலுக்குள்ள ரொம்ப நாள் நின்னவன் கரைக்கு வந்து முட்டுப் போட்ட மாதிரி. அதுதான் என் கான்செப்ட்." என். கொட்டலசை உடைத்த சிப்பித்தூளில் ஒவ்வொன்றாக ஊசி முனையில் வைத்தது அவள். இருநூற்றுப் பதினெட்டு. கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் கோணலாக நடந்தாள். அவன் ஏன் முழங்கால் போட்டான் என்று அவரிடம் அவள் சொன்னதே இல்லை, அவரும் கேட்டதில்லை. களைத்துப் போய்த்தான் போட்டான், வேறென்ன. "துரு எப்படி சார் இவ்ளோ நேச்சுரலா வருது?" இது மிருதுளா. எமரன்சியா அடுப்பைச் சின்னதாக்கினாள். "அது ஒரு பெரிய கதை மேடம்," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "ஒரு நாள் ரசம் வச்சிக்கிட்டு இருந்தேன்."

ரசம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வெந்நீர் வைக்கத் தெரியாத மகராசன் ரசம் வைத்தாராம். வீட்டில் யாருமில்லையாம், ஒரு கையில் தோள்தகடாம், துரு நிறம் அடித்துக் காய்ந்ததாம், ஈரக் கை பட்டதாம், மறு கையால் உப்பு எடுக்கும்போது சிந்தி அதன்மேல் ஒட்டிக்கொண்டதாம், கவனிக்காமல் அதன்மேலேயே சாம்பல் ஸ்பிரே அடித்துவிட்டாராம். "ஐயோ வீணாப்போச்சேனு கழுவுதேன் மேடம், உப்பு கரைஞ்சு போகுது, அடியில பாத்தா துரு! அப்படியே பழைய கப்பல்! எங்கம்மா உப்பளத்துல வேலை பாத்தவ, அவ காலு ஞாபகம் வந்துட்டு. கண்ணு கலங்கிட்டு." எமரன்சியாவின் கை தானாகத் திட்டைப் பிடித்துக்கொண்டது. அவர் அம்மா உப்பளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை, தந்தி ஆபீஸ் குமாஸ்தா பெண்சாதி. உப்பளத்தில் நின்றது அவள் அம்மா. பாத்தியில் உப்பு வாரி வாரி பாதத்தின் மேல்தோல் பிளந்து அடியில் சிவப்பாகத் தெரியும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவச் சொல்லிக் காலை நீட்டுவாள், தடவத் தடவ இன்னொரு இடத்தில் பிளக்கும். அந்தக் காலுக்காகத்தான் எட்டாம் வகுப்பில் பையை மாட்டி வைத்துவிட்டுச் சிப்பிக் கடைக்குப் போனது. அன்றைக்கு ரசம் வைக்கும்போது உப்பு சிந்தி, அவள் கழுவின தோள்தகட்டில் அதைப் பார்த்துத்தான் இந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று அழுதது. அவர் ஆபீசிலிருந்து வந்து ஏன் அழுகிறாய் என்றபோது சொன்னது. அன்றைக்கு அவர் தலையில் கைவைத்துத் தடவினார். தடவிய கையாலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார். ரோபோவை எடுத்தது பரவாயில்லை. ரோபோ பிளாஸ்டிக். காலையுமா எடுப்பார்கள், செத்துப்போன ஒருத்தியின் காலை? ஒருவேளை அவர் எடுக்கவில்லையோ, சொல்லிச் சொல்லி அவருக்கு அப்படியே ஞாபகம் ஆகிவிட்டதோ, அடுக்களையில் ரசம் கொதித்ததையும் உப்பு சிந்தியதையும் கண்ணாலேயே பார்க்கிறாரோ? அப்படியானால் பொய் இல்லையே. அப்படியானால் இந்த வீட்டில் அன்றைக்கு அவள் எங்கே நின்றாள்?

"எந்த உப்பு சார், ராக் சால்ட்டா?" என்றது அந்தப் பெண். எமரன்சியா சுவரோடு ஒட்டி நின்று காதைக் கொடுத்தாள். சொல்லுங்க, கல்லுப்பு, பாதியை நுணுக்கிப் பாதியை முழுசாக, அப்போதுதான் துரு சின்னதும் பெரிசுமாக விழும், எத்தனை தடவை உங்கள் கண் முன்னால் அம்மியில் நுணுக்கியிருக்கிறேன். "பொடியுப்பு மேடம். பாக்கெட்டுல வருமுல்லா, சாதாரணப் பொடியுப்பு." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "இதெல்லாம் கஷ்டம் பாத்தா ஆகுமா மேடம்? நாங்க ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மாசம், மூணு மாசம் உக்காருதோம்." நாங்க. வந்துவிட்டது. கால் கூடத்தை நோக்கி அரையடி நகரக்கூட நகர்ந்துவிட்டது. "நாங்கன்னா?" என்றான் அப்சல். "நாங்கதான், கலெக்டர்ஸ். நான், மதுரைல ஒருத்தர், கொழும்புல ரெண்டு பேரு. ஒரு வாட்ஸப் குரூப்பு வச்சிருக்கோம்." மதுரைக்காரனுக்கு இடம் இருக்கிறது. கொழும்புக்காரனுக்கு இடம் இருக்கிறது, அதுவும் இரண்டு பேருக்கு. நகர்ந்த அரையடியைத் திரும்ப எடுத்துவைத்தபோது தரை வழுக்குவது போலிருந்தது. இத்தனை சின்ன வார்த்தைக்குள் கடல் தாண்டி ஆள் நிற்கிறான், சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்குக் கால் வைக்க இடமில்லை.

தனிஸ்லாஸ் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார், முகம் பூரித்திருந்தது. "ஏட்டி, சோறாச்சா? அந்த முட்டுப் போட்டவனைத்தான் எடுக்காங்க. சொன்னேம்லா!" "அட்டைல..." என்றாள் அவள். "என்ன அட்டை?" "ரெண்டு பேரு பேரும்னு சொன்னீங்களே." அவர் கூடத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரல். "இப்பப் போயி குழப்பினா என்ன நினைப்பாங்க? செலீன் காதுக்குப் போனா மறுபடி ஆரம்பிப்பா. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." கிண்ணத்தைப் பார்த்தார். "அதை மூடி வையி, அவங்க கண்ணுல படப்போகுது." போய்விட்டார். மூடி வைக்க வேண்டும். தட்டை எடுத்தாள், எடுத்த தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். உன் நல்லதுக்குத்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் இதே வார்த்தைதான், அன்றைக்கு அதில் நல்லது இருந்தது. பரணில் இன்னும் பிரிக்காத பெட்டி எட்டு இருக்கிறது. எல்லாம் அவர் செல்போனில் அவர் பேரில் வரவழைத்தவை. நாளைக்கு அவர் வேண்டாம் என்றால் ஒன்பதாவது வராது. அப்புறம் கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சிப்பிக் கடை மூடியாயிற்று. முழங்கால் போட்டவன் சென்னைக்குப் போவான், வெளிச்சத்தில் நிற்பான், ஆயிரம் பேர் குனிந்து பார்ப்பார்கள். அவன் போகிற இடத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. இப்போது போய்ச் சொல்ல வேண்டும். ரசத்தில் ஆரம்பிக்கலாமா, காலில் ஆரம்பிக்கலாமா, காய்ச்சலில்...

"அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" வாசலில் அந்தப் பெண் நின்றது. முப்பது வயதிருக்கும், ஜீன்ஸ் பேண்ட், கழுத்தில் கண்ணாடி தொங்கியது, விரல் நுனியில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எமரன்சியா அவசரமாகச் செம்பை எடுத்துக் கொடுத்தாள், கிண்ணத்தை மறந்துபோனாள். மிருதுளா தண்ணீரைக் குடிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், உள்ளே பாதி கரைந்து கிடந்த கல்லுப்பைப் பார்த்தாள், திட்டு ஓரத்தில் வருஷக்கணக்காகச் சொட்டிக் காய்ந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தாள், அப்புறம் எமரன்சியாவின் கையைப் பார்த்தாள். பத்து நகத்துக்கடியிலும் துரு நிறம். "பொடியுப்புல இப்படி வராதுக்கா," என்றாள் மெதுவாக. "நான் ரெண்டு வருஷமா போட்டுப் பாத்துட்டேன். சல்லடை மாதிரி புள்ளி புள்ளியாத்தான் வரும். கூடத்துல அந்த மேசைய பாத்தேன், அவ்ளோ சுத்தமா இருக்கு." கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டு ஒரு அடி உள்ளே வந்தாள். "நீங்கதானே செய்றது?"

ஆமா. அவ்வளவுதான். எந்த முனையும் பிடிக்க வேண்டாம், ரசமும் வேண்டாம், காலும் வேண்டாம், எதையும் சொல்லவே வேண்டாம், அந்தப் பெண்ணே முழுக்கச் சொல்லிவிட்டது, சரியாகச் சொல்லிவிட்டது. இரண்டே எழுத்து. அதில் தப்பு வர வழியே இல்லை. அது நாக்குக்கு வந்து நின்றது, உப்புக்கரித்தது. கூடத்தில் அவர் சிரித்தார், அப்சல் சிரித்தான், எங்கேயோ ஒரு பந்தியில் பாயசம் வந்துகொண்டிருந்தது, பக்கத்து இலைக்காரி திரும்பினாள். ஆமா என்றால் இந்தப் பெண் கூடத்துக்குப் போகும், கேட்கும், அவர் இந்த வாசலில் வந்து நிற்பார், எல்லோரும் ஒன்றாக அவளைப் பார்ப்பார்கள். இவர்கள் வண்டி ஏறிப் போய்விடுவார்கள். அப்புறம் வீட்டில் அவரும் அவளும் இருப்பார்கள், திங்கட்கிழமை இருக்கும், செலீன் இருப்பாள். "அக்கா?" என்றது அந்தப் பெண். "நானா!" என்று எமரன்சியாவின் குரல் சிரித்தது, அவளுக்கே அந்நியமாக, விருந்துக்கு வந்த யாரோ சிரிப்பது போல. "எனக்கு என்னம்மா தெரியும், எட்டாங்கிளாஸ்கூடத் தாண்டாதவ. எல்லாம் அவங்கதான். நான் சும்மா கழுவிக் கொடுப்பேன்." மிருதுளாவின் கண் கையைவிட்டு நகரவில்லை. எமரன்சியா அலமாரியைத் திறந்து கோதுமை மாவு டின்னை இழுத்தாள், தாம்பாளத்தில் கவிழ்த்தாள், இரண்டு கையையும் மணிக்கட்டு வரை அதற்குள் புதைத்தாள். "சப்பாத்திக்கு மாவு பிசையணும், நீங்க போயி உக்காருங்க," என்றாள். சோறு வடித்து அரைமணி நேரமாகியிருந்தது, சப்பாத்தி கேட்டவர் யாருமில்லை. அந்தப் பெண் செம்பைத் திட்டில் வைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பிப் போகும் வரை, தண்ணீர் விடாமலே, பத்து விரலும் வெள்ளையாக, அவள் பிசைந்துகொண்டிருந்தாள்.